அரணும் ஆள்வினையும்: சைபர் பாதுகாப்புத் தலைமைக்கான மேற்பட்டக் கல்வி

திருக்குறளின் பொருட்பாலில் அரண் என்பது ஓர் அதிகாரம். மதிலின் உயரம், உறுதி, உள்ளிருப்போர்க்கு வேண்டும் உணவு, உற்றவிடத்து உதவும் வீரர் என அரணின் இலக்கணத்தை விரித்துவந்த வள்ளுவர், இறுதிக் குறளில், எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயற்றிறன் இல்லாதாரிடத்து அஃது அரண் ஆகாது என்று முடிக்கின்றார். கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய கோட்டையைக் கருதிக் கூறிய இவ்வுண்மை, கண்ணுக்குப் புலனாகாத கணினிக் கோட்டைகளுக்கும் முற்றும் பொருந்தும். அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

2023ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 26ஆந் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கியிருந்த மேகக் கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று தாக்கிற்று. இவ்வகைத் தீநிரலின் முதன்மைத் தொழில் கோப்புக்களைத் திருடிச் செல்வதன்று. அவற்றை இருந்த இடத்திலேயே மறைக்குறிகளாக மாற்றிப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை பேசுவது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் இதனால் பாதிப்புற்றன. தொகுதியைப் பன்னிரண்டு மணி நேரத்துள் மீட்டெடுத்தனர். ஆயினும், மே மாதம் 17ஆந் திகதி முதல் ஆகத்து 26ஆந் திகதி வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி தனியே வேறிடத்தில் இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் அதற்கான ஆதரவை 2023 ஏப்ரிலிலேயே நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டு முதலே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்ததாகவும், நிதிக் குறைவாலும் முன்னைய சபையின் தீர்மானங்களாலும் அது தாமதமுற்றதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் சார்பில் அப்போது தெரிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கணினி வல்லுநரின் தோல்வி என்று எண்ணுவது எளிது. ஆனால் அது சரியன்று. பழைய பதிப்பின் ஆபத்தை அறியாதார் அத்துறையில் இல்லை. காப்புப் பிரதியை இணைப்பற்ற இடத்தில் வைத்தல் வேண்டும் என்பது தொடக்க வகுப்புப் பாடம். அறிவு இருந்தது. அவ்வறிவைத் தீர்மானமாகவும், தீர்மானத்தைப் பணமாகவும், பணத்தைக் குறித்த நாளில் முடிந்த வேலையாகவும் மாற்றவல்ல தலைமையே குறைந்திருந்தது. சைபர் பாதுகாப்பு முகாமை, தலைமைத்துவம் என்னும் பெயர்களில் பல்கலைக்கழகங்கள் இன்று மேற்பட்டப் பாடநெறிகளை நடத்துவது இக்குறையை நோக்கியே.

கிளிவெட்டி விவசாயிக்கு இதனை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. அல்லைத் திட்டத்து வாய்க்கால் நீரால் விளையும் வயல்களில் வரம்பு கட்டவும் மடை வெட்டவும் அறியாதவர் எவருமிலர். அவ்வாறிருந்தும் வட்டை விதானை என ஒருவர் வேண்டப்படுகிறார். எந்த நாளில் நீர் திறப்பது, எவர் வயலுக்கு முதலிற் பாய்ச்சுவது, பழுதுற்ற வாய்க்காலுக்கு எவர் எத்தனை நாள் உழைப்பது என்பன மண்வெட்டியின் திறமையால் முடிவாவன அல்ல. மண்வெட்டி பிடித்தறியாதவர் விதானையாய் நின்று பயனில்லை என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவரை ஆக்குவதுதான் இக்கல்வியின் கடினம்.

இப்பதவியின் வரலாறு நீண்டதன்று. 1988 நவம்பரில் மொரிஸ் என்னும் மாணவர் விடுத்த புழுநிரல் அக்கால இணையத்தின் கணினிகளைப் பெருமளவில் முடக்கியபின், அமெரிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதலாவது அவசர உதவி அணி தோன்றிற்று. 1994இல் சிற்றிவங்கியின் கணினிகளுள் உருசிய நாட்டிலிருந்து புகுந்த ஒருவர் ஒரு கோடி டொலருக்கு மேல் மாற்ற முயன்றார். அவ்வங்கி 1995இல் சுடீவ் காட்சு என்பாரைத் தகவற் பாதுகாப்புத் தலைமை அலுவலராக நியமித்தது. உலகில் அப்பதவியை வகித்த முதல்வர் அவரே என்பர். இலங்கையில் கணினி அவசரத் தயார்நிலை அணி 2006இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007இலும் வந்தன.

இனி, இப்பாடநெறிகளிற் கற்பிப்பது யாது? முதலாவது, இடரைக் கணக்கிடல். ஒரு நிறுவனத்துக்கு 50 இலட்சம் ரூபா நட்டம் தரவல்ல தாக்குதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேரக்கூடும் எனக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கும் நட்டம் 10 இலட்சம். ஆண்டுக்கு 4 இலட்சம் செலவாகும் ஒரு காப்பு, அத்தாக்குதலை இருபதாண்டுக்கு ஒருமுறையாகக் குறைக்குமாயின், எதிர்பார்க்கும் நட்டம் இரண்டரை இலட்சமாகும். குறைந்தது ஏழரை இலட்சம். செலவு 4 இலட்சம். மிச்சம் மூன்றரை இலட்சம். பணிப்பாளர் சபைக்கு விளங்குவது இந்த மொழிதான். இத்தகைய கணக்கு ஊகத்தின்மேல் எழுந்தது என்பதையும் மாணவர் மறத்தலாகாது. ஐந்தாண்டு என்பதை யார் அளந்தார் என்று கேட்கத் தெரிதலும் பாடத்தின் ஒரு பகுதியே.

இரண்டாவது, இரண்டு கடிகாரங்களைப் பற்றியது. தொகுதி நின்றால் எவ்வளவு நேரத்துள் மீள வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு காலத்துத் தரவை இழந்தும் நிறுவனம் தாங்கும் என்பது மற்றொன்று. 2023இல் முதலாவது கடிகாரம் பன்னிரண்டு மணி நேரத்தைக் காட்டிற்று. குறை சொல்லத் தக்கதன்று. இரண்டாவதோ மூன்று மாதத்துக்கு மேல் காட்டிற்று. ஒரு நாளா, ஒரு வாரமா, நூறு நாளா தாங்கும் என்பதனைத் தலைமை முன்னரே எழுத்தில் வரையறுத்திருப்பின், காப்புப் பிரதி எடுக்கும் கால அட்டவணை அதிலிருந்து தானே பிறந்திருக்கும். நாள்தோறும் இணைப்பற்ற பிரதி எடுத்தல் தாக்குதலின் பின்னரே தீர்மானமாயிற்று.

சட்டம், ஒழுக்கவியல், ஒப்பந்தம், ஆட்சேர்ப்பு என்பனவும் உண்டு. அவற்றினும் சிறந்தது ஒத்திகை. ஒரு கற்பனைத் தாக்குதலை மேசைமேல் விரித்து, மாணவரை அலுவலராகவும் சட்டத்தரணியாகவும் செய்தியாளராகவும் அமர்த்தி, மணிக்கு மணி முடிவு கேட்பர். இதன் அருமை 2016 பெப்ரவரியில் பங்களாதேச மத்திய வங்கியில் நேர்ந்ததை நோக்கின் புலப்படும். நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றுமாறு 35 போலிக் கட்டளைகள் சென்றன. அவற்றை அச்சிட்டுக் காட்டவேண்டிய அச்சுப்பொறி மறுநாள் இயங்கவில்லை. வழக்கமான பழுது என்று விட்டுவிட்டனர். வார விடுமுறையும் குறுக்கிட்டது. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு வந்த 2 கோடி, பெறுநர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப் பிழையால் ஐயுறவுக்குள்ளாகித் தடைப்பட்டது. எழுத்துப் பிழையைப் பொறாத ஆசிரியர்கள் மகிழத்தக்க செய்தி! வங்கியின் ஆளுநர் அடுத்த மாதம் பதவி துறந்தார். அச்சுப்பொறி நின்றால் யாரை எழுப்புவது என்னும் சிறு கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே இதிலிருந்து கற்போர்க்குக் கிடைக்கும் பாடம்.

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2014இல் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகம் அறிதல், காத்தல், கண்டுபிடித்தல், எதிர்வினையாற்றல், மீளல் என ஐந்து தொழில்களையே வகுத்திருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆளுதல் என்பது ஆறாவதாகச் சேர்ந்தது. பத்தாண்டு அனுபவத்தின் பின் வந்த இச்சேர்க்கை கவனிக்கத்தக்கது.

நம் மாணவர்க்குரிய வழி யாது? கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திற் கணினி அறிவியலில் முதற்பட்டம் பெறலாம். மேற்பட்டத்துக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கை நிறுவகம் தகவற் பாதுகாப்பில் முதுமாணிப் பாடநெறியை நடத்தியுள்ளது. இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகமும் சைபர் பாதுகாப்பில் முதுமாணிப் பட்டம் வழங்குகிறது. கோயம்புத்தூரை அடுத்த எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகமும் இத்துறையில் முதுநிலைப் பட்டம் அளிக்கிறது. ஆயினும், பட்டம் முடித்த கையோடு தலைமைப் பயிற்சிக்கு விரைதல் நன்றன்று. உலகெங்கும் மதிக்கப்படும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் எட்டுத் துறைகளுட் குறைந்தது இரண்டில் ஐந்தாண்டு ஊதியப் பணியைக் கேட்கிறது. தக்க பட்டம் அதில் ஓராண்டையே கழிக்கும். வங்கியிலோ, வைத்தியசாலையிலோ, பிரதேச செயலகத்திலோ சில ஆண்டு இருந்து, பழுதுற்ற அச்சுப்பொறியையும் ஒப்பமிடப்படாத கோரிக்கைக் கடிதத்தையும் கண்டவனுக்கே வகுப்பிற் சொல்வது விளங்கும்.

அங்ஙனம் பணியிலிருப்போர்க்கு உள்ள இடர் தூரமே. கொழும்பில் வார இறுதியில் வகுப்பெனில், கிளிவெட்டியான் வெள்ளியிரவு பேருந்தேறி, திங்கள் விடியலில் மீண்டு, அன்றே கடமைக்குச் செல்ல வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு இதுவே வாழ்க்கை. கட்டணத்தினும் இவ்வலைச்சலே பலரைத் தடுக்கின்றது. கணினி வழியே உலகைக் காக்கக் கற்பிக்கும் பாடத்தை அக்கணினி வழியாகவே திருகோணமலைக்குக் கொணர்தல் இயலாததன்று. கல்லூரியின் பழைய மாணவருள் இத்துறையிற் கொழும்பிலும் கடல் கடந்தும் பணிபுரிவோர், மேலே கூறிய மேசை ஒத்திகை ஒன்றையேனும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது உயர்தர வகுப்பு மாணவர்க்கு நடத்திக் காட்டலாம். அதற்கு வேண்டுவன ஒரு மேசை, பத்து நாற்காலி, அரை நாட்பொழுது.