குதிரை இழுத்த ஓடம்

விரைவையே நாகரிகத்தின் அளவுகோலாகக் கொண்டுவிட்ட காலம் இது. மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று மைல் மாத்திரமே செல்லும் வாகனம் ஒன்று உண்டென்றும், அதிற் செல்வதற்கு மக்கள் காசு கொடுத்துக் காத்து நிற்கின்றனரென்றும் கூறினால் நம்புவோர் சிலரே. அத்தகைய வாகனமொன்றில் ஒரு நாளை ஆறுதலாகக் கழிக்கும் பேறு எனக்கு வட வேல்ஸிலுள்ள லங்கோலன் என்னும் சிற்றூரிற் கிட்டியது.

டீ ஆறு கற்களில் மோதி ஆர்ப்பரித்துக்கொண்டு ஊரின் நடுவே ஓடுகின்றது. எதிரே, குன்றின் உச்சியிலே, டினாஸ் பிரான் கோட்டையின் இடிபாடுகள் தெரிகின்றன. ஆற்றைவிட உயர்ந்த மலைச்சரிவிலே, ஊரின் கூரைகளை நோக்கியபடி, ஓசையின்றிக் கிடக்கின்றது கால்வாய். இங்கே உல்லாசப் பயணிகளைக் குதிரை ஓடத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கம் 1884ஆம் ஆண்டிலே தொடங்கியது.

ஓடம் புறப்படும் காட்சியே ஒரு பாடம் எனலாம். கரையோரப் பாதையில் நின்ற குதிரை, கழுத்துப் பட்டையிலே தன் பாரம் முழுவதையும் சாய்த்தது. நீண்ட கயிறு நீரிலிருந்து எழுந்து விறைத்தது. சில கணம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர், ஓடம் நகர்கின்றதா கரை நகர்கின்றதா என ஐயுறும் வண்ணம் மெல்ல அசைந்தது. அசைந்த பிறகு குதிரைக்குப் பெருஞ் சிரமமில்லை. சாதாரண நடையே போதும். வண்டிப் பாதையிலே ஓரிரு தொன் பாரத்தை இழுக்கத் திணறும் குதிரை, அமைதியான நீரிலே முப்பது தொன்னை இழுத்துச் செல்லும். பிரித்தானியாவின் கைத்தொழிற் புரட்சி இந்த எளிய உண்மையின் மீதே பெரிதும் தங்கியிருந்தது. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டபோது, மான்செஸ்ரர் நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இயந்திரம் இல்லாத ஓடத்திலே மனிதரின் குரலும் தானாகத் தாழ்கின்றது. குளம்பொலியும், பக்கப் பலகையிலே நீர் தட்டும் ஓசையுமே கேட்டன. பன்னச் செடிகளை எட்டித் தொடலாம் போலிருந்தது. அவ்வளவு ஒடுக்கமான கால்வாய். பாலங்களின் கீழே செல்லும்போது அவற்றின் மூலைகளைப் பார்த்துக்கொண்டேன். பிரித்தானியக் கால்வாய்ப் பாலங்கள் பலவற்றில், ஈரமும் மணலும் கலந்த கயிறுகள் தலைமுறை தலைமுறையாக உராய்ந்து, இரும்பிலும் கல்லிலும் ஆழ்ந்த தழும்புகளை ஏற்படுத்தியுள்ளன. கல்வெட்டுகளை வாசிப்பார் உளர். இத்தழும்புகளை வாசிப்பார் அரியர்.

ஓடம் திரும்பியபின் கரைப்பாதை வழியே மேற்கு நோக்கி நடந்தேன். பாதை முடியுமிடத்திலே தோமஸ் டெல்போட் அமைத்த அணை, 460 அடி நீளத்தில், குதிரை லாடம்போல் வளைந்து ஆற்றின் குறுக்கே கிடக்கின்றது. 1808இல் முடிவடைந்த இவ்வணையே கால்வாய்க்கு நீரூட்டுகின்றது. கிழக்கே, அவரும் வில்லியம் ஜெசொப்பும் ஆக்கிய பொண்ட்கசல்தே நீர்ப்பாலம், 1805இல் திறக்கப்பட்டு, இந்த நீரை ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில் இரும்புத் தொட்டியிலே சுமந்து செல்கின்றது. 1944இல் இக்கால்வாயிற் படகோட்டும் உரிமையைச் சட்டமே நீக்கிற்று. எனினும், நீர் வழங்கும் பணிக்கு வேண்டியிருந்தமையால் அது தூர்க்கப்படவில்லை. பிழைத்த கால்வாயை 2009இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

அணையருகே அமர்ந்திருந்தபோது 1884 என்னும் ஆண்டு மீண்டும் நினைவுக்கு வந்தது. கால்வாய்த் தொழிலாளரின் வரலாற்றிலும் அது குறிக்கத்தக்க ஆண்டு. புகையிரதத்தின் போட்டியால் வருமானம் குன்றிய படகோட்டிகள், கரையிலிருந்த வீட்டை விட்டு, மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். ஏறக்குறையப் பத்தடி நீளமும் ஏழடிக்குக் குறைந்த அகலமுமுள்ள அறையே அடுக்களை, படுக்கை, பிரசவ அறை யாவும். குதிரையின் பின்னே மழையிலும் பனியிலும் நடந்தவர் பல வேளைகளிற் குழந்தைகளே. இன்று ஒரு துறையிலும் நாளை வேறொரு துறையிலும் தங்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே? சிறுவயதிலே செங்கற் சூளையில் உழைத்த ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக ஓயாது வாதாடினார். அதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. போதாதெனக் கண்டு 1884இல் அது வலுவாக்கப்பட்டது. லங்கோலனிலே கனவான்கள் இன்பமாக மிதக்கத் தொடங்கிய அதே ஆண்டு! நான் சுவைத்த மெதுநடையை, அக்குழந்தை சுவைத்திருக்குமா? நமக்கு அது ஓய்வு. அதற்கோ அதுவே கூலி, அதுவே சிறை.

கால்வாய் நமக்கும் அந்நியமானதன்று. 1632இலே அம்ஸ்ரர்டாமுக்கும் ஹார்லமுக்குமிடையே குதிரை இழுக்கும் பயணிப் படகுகளை ஒழுங்காக ஓடவிட்ட ஒல்லாந்தர், பின்னர் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை நீர்வழி அமைத்தனர். அங்கே பாரப் படகுகளை நகர்த்தியது குதிரையன்று; கழியூன்றிய மனிதனின் தோள். அத்தோள்களின் வரலாற்றை எழுதினோர் எத்தனை பேர்?

கைத்தொழிற் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நீராவி இயந்திரத்தையும் அதனைச் செப்பஞ் செய்தோரின் பெயர்களையும் சொல்லத் தவறுவதில்லை. அவற்றோடு, கயிற்றின் ஒரு முனையில் முப்பது தொன் நிலக்கரியையும், மறுமுனையில் ஒரு குதிரையையும், அதன் அருகே எழுத்தறியாது நடந்த ஒரு சிறுமியையும் மாணவர் மனக்கண்முன் நிறுத்துவார்களாயின், பாடம் முழுமை பெறும்.