நெஞ்சுக்குள் பேட்டரி... மறக்காம சார்ஜ் போடணும்! நடுக்குவாதத்துக்கு உதவும் டி.பி.எஸ் கருவி எப்படி வேலை செய்கிறது?

செல்போன் சார்ஜ் தீர்ந்தால் போன்தான் அணையும். ஆனால், உடம்புக்குள் இருக்கும் ஒரு கருவியின் சார்ஜ் தீர்ந்தால் நின்றிருந்த கை நடுக்கம் மறுபடியும் தொடங்கிவிடும் என்றால்? ரீசார்ஜபிள் டி.பி.எஸ் கருவி பொருத்தியவர்களின் நிலை இதுதான்.

டி.பி.எஸ் என்றால் என்ன?

'டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன்' என்பதன் சுருக்கம் இது. மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனையை வைப்பார்கள். அதிலிருந்து கழுத்துத் தோலுக்கு அடியில் ஒரு வயர் இறங்கும். அது நெஞ்சில், காரை எலும்புக்குக் கீழே இருக்கும் சிறிய கருவியோடு இணையும். இந்தக் கருவி பெரும்பாலும் நொடிக்கு 130 முறை அளவில் மின்துடிப்புகளை அனுப்பி, தடம் மாறிய மூளை சிக்னல்களைக் கட்டுக்குள் வைக்கிறது.

1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் குழு இதற்கு வழிவகுத்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 1997-ல் நடுக்கத்துக்கும், 2002-ல் பார்கின்சன் நோய்க்கும் அனுமதி தந்தது. ஒன்றை மறக்கக் கூடாது. இது நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைத்தான் குறைக்கும்.

ரீசார்ஜபிள் எதற்கு?

சாதாரண பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் வரும். தீர்ந்ததும் நெஞ்சில் மறுபடி கத்தி வைத்து கருவியை மாற்ற வேண்டும். தலையைத் தொட மாட்டார்கள் என்றாலும், ஒவ்வொரு முறையும் கிருமித் தொற்று அபாயமும் செலவும் உண்டு. தசைகள் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா நோய்க்கு பெரும்பாலும் கூடுதல் மின்சாரம் தேவை. அதனால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். சிறு வயதில் கருவி பொருத்தியவருக்கு வாழ்நாளில் எத்தனை ஆபரேஷன் என்று யோசித்துப் பாருங்கள்!

புதிய ரீசார்ஜபிள் கருவிகள் 15 ஆண்டுகள் வரை உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. சார்ஜரை தோலுக்கு மேல் வைத்தாலே போதும், வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும். சிலர் தினமும் கொஞ்ச நேரம் போடுவார்கள், சிலர் வாரம் ஒருமுறை.

மறந்துட்டா என்ன ஆகும்?

தூண்டல் நின்றுவிடும். நடுக்கம் சில நிமிடங்களிலேயே திரும்பலாம், உடல் இறுக்கம் மெல்ல ஏறும். பல ஆண்டுகளாக இந்தக் கருவியை நம்பியிருக்கும் பார்கின்சன் நோயாளிகளுக்கு, திடீர் நிறுத்தம் அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாருக்கு எது சரி?

நடுங்குற கைதான் சார்ஜரை சரியான இடத்தில் பிடிக்கணும். அதுதான் இதில் உள்ள சிக்கல். ஞாபக மறதி உள்ளவர்கள், துணைக்கு ஆள் இல்லாத முதியவர்களுக்கு சாதாரண பேட்டரியே நிம்மதியாக இருக்கலாம். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல், "வீட்டில் சார்ஜ் போடுவது யார்?" என்பதையும் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: பிசியோதெரபியில் தரப்படும் டயாதெர்மி சிகிச்சை இவர்களுக்குக் கூடவே கூடாது. எம்.ஆர்.ஐ எடுக்கும் முன்பும் கருவி இருப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.