மேகக் கணிமைவழித் தானியங்கி உலாவிச் சோதனை

மேகக் கணிமைவழித் தானியங்கி உலாவிச் சோதனை என்பது, ஒரு வலைத்தளம் பலவகை உலாவிகளிலும் இயங்குதளங்களிலும் சரியாகச் செயல்படுகிறதா என்பதை, இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளிலும் கைபேசிகளிலும் நிரல் கொண்டு சோதிக்கும் முறையாகும். சோதனை நிரல் சோதிப்பவரின் கணினியில் இயங்கும். அது இடும் கட்டளைகளை நிறைவேற்றும் உலாவி, தொலைவிலுள்ள தரவு மையம் ஒன்றில் இருக்கும்.

தேவை

எல்லா உலாவிகளும் ஒரே பக்கத்தை ஒரே விதமாகக் காட்டுவதில்லை. குரோம், எட்ஜ் ஆகியவை பிளிங்க் என்னும் பொறியையும், பயர்பாக்ஸ் கெக்கோ பொறியையும், சஃபாரி வெப்கிட் பொறியையும் பயன்படுத்துகின்றன. ஐபோனில் நிறுவப்படும் குரோம் உலாவியும் வெப்கிட் பொறியிலேயே இயங்குகிறது. எனவே கணினிக் குரோமில் சரியாக இருக்கும் பக்கம் ஐபோன் குரோமிலும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு: படிவங்களில் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டிக் கட்டம், மேக் கணினிகளின் சஃபாரியில் 2021ஆம் ஆண்டின் 14.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அவ்விடத்தில் வெறும் எழுத்துப் பெட்டியே தோன்றும். 05/06 என ஒரு மாணவர் தட்டச்சு செய்தால் அது மே 6ஆம் நாளா, ஜூன் 5ஆம் நாளா என்ற குழப்பம் எழும். படிவம் ஏற்கப்படாமலும் போகலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் இது நேர்ந்தால் இழப்பு மாணவருக்கே. இத்தகைய பிழைகளை முன்கூட்டியே கண்டறிவதே இச்சோதனையின் நோக்கம்.

வரலாறு

சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் செலீனியம் என்னும் சோதனைக் கருவியை உருவாக்கினார். சைமன் ஸ்டூவர்ட் தனியே உருவாக்கிய வெப்டிரைவர் என்னும் கருவி, 2011இல் வெளியான செலீனியம் 2இல் அதனோடு இணைந்தது. வெப்டிரைவர் கட்டளை முறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சூனில் தனது பரிந்துரையாக ஏற்றது. இதனால் வெவ்வேறு நிறுவனங்களின் உலாவிகளுக்கு ஒரே விதமான கட்டளைகளை அனுப்ப முடிகிறது.

ஹக்கின்ஸ் இணை நிறுவனராக இருந்த சாஸ் லேப்ஸ் 2008இலும், மும்பையில் ரித்தேஷ் அரோரா, நகுல் அகர்வால் ஆகியோர் நிறுவிய பிரவுசர்ஸ்டாக் 2011இலும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டும் இத்துறையின் பரவலாக அறியப்பட்ட சேவைகள்.

செயற்படும் முறை

1. சேவையில் கணக்கு தொடங்கியவருக்குப் பயனர் பெயரும் அணுகல் சாவியும் தரப்படும்.
2. எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் வேண்டும் என்பதைச் சோதனை நிரல் சேவையிடம் கேட்கும்.
3. சேவை அதற்கேற்ற மெய்நிகர் கணினியையோ உண்மையான கைபேசியையோ ஒதுக்கி, உலாவியைத் திறந்து, ஓர் அமர்வு எண்ணைத் தரும்.
4. பக்கத்தைத் திற, பெட்டியைக் கண்டுபிடி, எழுது, பொத்தானை அழுத்து என ஒவ்வொரு கட்டளையும் தனித்தனி வேண்டுகோளாகச் செல்லும். ஒவ்வொன்றுக்கும் விடை திரும்பி வரும்.
5. கிடைத்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் நிரல் ஒப்பிடும்.
6. அமர்வு முடிந்தபின் திரைப்பிடிப்புகள், காணொளி, கட்டளைப் பதிவு ஆகியவற்றைச் சேவையின் பக்கத்தில் பார்க்கலாம்.

இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கப்படாத தளத்தைச் சோதிக்க, சோதிப்பவரின் கணினிக்கும் தரவு மையத்துக்கும் இடையே பாதுகாப்பான சுரங்கவழி இணைப்பு ஏற்படுத்தப்படுகிறது.

இணைநிலை ஓட்டம்

ஒரு தளத்துக்கு 40 சோதனைகள் உள்ளன. அவற்றை 20 உலாவிச் சேர்க்கைகளில் நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினால் 800 நிமிடங்கள், அதாவது 13 மணி 20 நிமிடங்கள் தேவை. ஒரே நேரத்தில் 10 அமர்வுகளை நடத்தினால் 80 நிமிடங்களில் முடியும். சொந்தமாக அத்தனை கருவிகளை வாங்கிப் பராமரிப்பது சிறு குழுக்களால் இயலாது. மேகச் சேவையின் முதன்மையான பயன் இதுவே.

தமிழ் எழுத்துகளும் சோதனையும்

ஒருங்குறியில் 'கொ' என்ற எழுத்தை இரு வழிகளில் எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நிரல் அவற்றை அப்படியே ஒப்பிட்டால் வெவ்வேறு எனக் கருதி, சரியான பக்கத்தையும் தவறு என்று அறிவிக்கும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒருங்குறி இயல்பாக்கம் செய்துகொள்வது இதற்குத் தீர்வு.

கவனிக்க வேண்டியவை

• அமர்வை முடிக்கும் கட்டளையை இறுதியில் தவறாமல் இட வேண்டும். இல்லாவிட்டால், காத்திருப்பு வரம்பு முடியும் வரை அமர்வு வீணே திறந்திருக்கும்.
• ஒப்பீடு நிரலிலேயே நடப்பதால், நிரல் தெரிவித்தாலொழிய சோதனை வென்றதா தோற்றதா என்பது சேவைக்குத் தெரியாது. 'முடிந்தது' என்று காட்டுவதை 'வென்றது' என்று பொருள் கொள்ளக் கூடாது.
• '5 நொடி காத்திரு' என்று எழுதுவதைவிட, 'பொத்தான் தோன்றும் வரை காத்திரு' என்று எழுதுவது நல்லது. இணைய வேகம் மாறும்போது, முதல் வகைச் சோதனை காரணமின்றித் தோற்கும்.
• அணுகல் சாவியை நிரலுக்குள் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் இடக் கூடாது.
• காணொளியும் பதிவுகளும் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் தங்குவதால், உண்மையான மாணவர் பெயர், கைபேசி எண், கடவுச்சொல் போன்றவற்றைச் சோதனையில் பயன்படுத்தக் கூடாது.

வரம்புகள்

தானியங்கிச் சோதனை, கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். பொத்தான் செயல்படுகிறதா என்று அது சொல்லும். பொத்தானின் மேலுள்ள சொல் படிப்பவருக்குப் புரிகிறதா என்று சொல்லாது. ஆகவே எல்லாச் சோதனைகளும் வென்ற பிறகும், ஒருமுறையேனும் மனிதர் ஒருவர் சாதாரணக் கைபேசியில் அந்தப் படிவத்தை முதலிலிருந்து இறுதிவரை நிரப்பிப் பார்ப்பது அவசியம்.