முழங்கால் தண்ணீரில் மலை உயர அலை

“ஏம்ப்பா, மொழங்கால் தண்ணியில மலையாட்டம் அலை எப்படிப்பா எழும்பும்? அதுக்குக் கீழ ஆழம் வேணாமா?”

‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தைப் பற்றி நான் கேட்டவற்றில் மிகக் கூர்மையான விமர்சனம் இது. சொன்னவர் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். மகனோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்திருக்கிறார். கருந்துளை, புழுத்துளை எதுவும் அவரை உறுத்தவில்லை. அந்த அலைதான் உறுத்தியது.

படத்தில் விண்வெளிக் குழு ஒரு கோளில் இறங்கும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை முழங்காலளவுத் தண்ணீர். தொலைவில் மலைத்தொடர் போலத் தெரிவது அலை என்று புரியும்போது திரையரங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கடலை அறிந்தவருக்கு அங்கே எழுவது வேறு கேள்வி. காற்று எழுப்பும் அலை கரையை நெருங்க நெருங்க, ஆழம் குறைவதால் வேகம் தளர்ந்து உயரம் கூடும். நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரத்தை எட்டியதும் நிலைகொள்ள முடியாமல் முன்பக்கம் கவிழ்ந்து உடைந்துவிடும். இரண்டு மீட்டர் அலைக்கே இரண்டரை மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். அலை உடையும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு நடுவே வழி பார்த்துப் படகை இறக்குகிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன், ஈர்ப்பலை ஆய்வுக்காக 2017இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். இந்தப் படத்தின் அறிவியலைப் பற்றி அவர் எழுதிய தனிப் புத்தகத்தில் அந்த அலைக்கும் விளக்கம் உண்டு. அது காற்று எழுப்பிய அலை அல்ல. அந்தக் கோள், 10 கோடி சூரியன்களின் நிறை கொண்ட ஒரு கருந்துளைக்கு மிக அருகில் சுற்றுகிறது. கருந்துளையின் ஈர்ப்பு கோளை நீள்வாக்கில் இழுத்து, எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும்படி கட்டிப்போட்டிருக்கிறது. அந்தப் பிடிக்குள் கோள் லேசாக இப்படியும் அப்படியும் ஆடினால் கடல் மொத்தமும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாயும். ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது தோர்ன் போட்ட கணக்கு. படத்தில் அலைகளுக்கு நடுவே வரும் இடைவெளியும் அதுதான். அலையின் உயரம் சுமார் 1.2 கிலோமீட்டர். இல்லையென்றால், கோளின் தரை அதிர்ந்து எழுந்த சுனாமியாக இருக்கலாம் என்று இன்னொரு வழியும் சொல்கிறார்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே முந்திக்கொண்டார்: “அப்போ சுனாமிக்கு நடுவுல கடல் உள்ள போச்சே, அந்த மாதிரி.” 2004 டிசம்பர் 26 காலையை இந்தக் கரையில் பார்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

‘செம படம், கண்டிப்பா பாரு’ என்று சொல்வது மற்றப் படங்களுக்குப் போதும். அறிவியல் புனைகதைப் படத்துக்குப் போதாது. படம் எந்தப் பொய்யை நம்பச் சொல்கிறது, அதை நாம் நம்பிய பிறகு இயற்கையின் மற்ற விதிகளிடம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நண்பருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். கதையின் திருப்பத்தைச் சொன்னால் படம் கெட்டுவிடும். அறிவியலைச் சொன்னால் கெடாது; பார்ப்பவர் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் வட முனையில் பழைய சாராய ஆலையைத் தாண்டினால் குருசுக்குப்பம். ஒரு காலத்தில் படகை இழுத்துப் போட்டு வலை காயவைத்த மணல் பரப்பு இருந்த இடத்தில் இன்று கருங்கற்களைக் கொட்டிக் கரையைப் பாதுகாத்திருக்கிறார்கள். மாலையில் படம் பேசுகிறவர்கள் உட்காருவது அந்தக் கற்களின் மேல்தான். அங்கே உட்கார்ந்து ‘வாட்டர்வேர்ல்ட்’ (1995) மாதிரியான படத்தைப் பரிந்துரைக்கும்போது சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. துருவப் பனி உருகி உலகத்தையே கடல் மூடிவிடுவதாக அந்தப் படம் சொல்கிறது. பூமியிலுள்ள பனி மொத்தமும் உருகினாலும் கடல் மட்டம் உயரக்கூடியது சுமார் 65 முதல் 70 மீட்டர். அப்படி நடந்தால் புதுச்சேரி நகரம் போய்விடும். ஜிப்மர் இருக்கும் கோரிமேடும் போய்விடும். ஆனால் செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி தண்ணீருக்கு மேலே நிற்கும், மேற்குத் தொடர்ச்சி மலையும் நிற்கும்.

அதைவிட முக்கியமாக, குருசுக்குப்பத்தின் மணலைத் தின்றது உருகிய பனி அல்ல. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் சோழமண்டலக் கரையில் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கடற்கரைச் சாலையும் குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் மணலை இழந்தன. இங்கே கல் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே நகரும்; பொம்மையார்பாளையம்வரை அதன் கதையைக் கேட்கலாம். 2018-19இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பி வந்தது. உலகத்தின் முடிவைப் பற்றி நூறு படங்கள் இருக்கின்றன. ஒரு சுவர் கட்டியதால் பக்கத்து ஊரின் கரை கரைந்துபோகும் இந்த இயற்பியலை மையமாக வைத்து நான் ஆசைப்படும் படம் இன்னும் என் கண்ணில் படவில்லை.

இப்படிப் படமும் அறிவியலும் ஒன்றாகப் பேசுவதற்கென்றே இந்தியாவில் ஒரு கூட்டம் இருந்தது. 1966 ஜனவரியில் கொல்கத்தாவில் அறிவியல் புனைகதைப் படங்களுக்காகத் தனித் திரைப்படக் கழகம் தொடங்கினார்கள். தலைவர் சத்யஜித் ராய். துணைத் தலைவர் எழுத்தாளர் பிரேமேந்திர மித்ரா. செயலாளர், வங்காளத்தின் அறிவியல் புனைகதை இதழான ‘ஆச்சர்ய’வை நடத்திய அத்ரீஷ் வர்தன். பார்த்ததை அடுத்தவருக்குச் சொல்லும் ஆர்வம் ராய்க்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே, வங்கக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குவதாக ‘தி ஏலியன்’ திரைக்கதையை எழுதினார். அதற்கு ஊக்கம் தந்தவர்களில் ஒருவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். படம் எடுக்கப்படாமலே போனது பெரிய இழப்பு.

தமிழில் அதற்கு முன்பே வேற்றுக்கிரகவாசி இறங்கிவிட்டார். 1963இல் வந்த ‘கலை அரசி’யில் அவர் வருவது நம் இசையைத் தேடி. பாடகியான பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள். மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். இசையே வளராத நாகரிகம் விண்கலம் மட்டும் கட்டும் என்பது அந்தப் படத்தின் பொய். அழகான பொய். அதே 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவ ஊரிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது. அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரெஞ்சு நாட்டினது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிற மேகமாகச் சோடியம் விரிந்ததை ஊரே பார்த்தது. ‘கலை அரசி’யைப் பரிந்துரைக்கும்போது நான் தும்பாவையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

புதுச்சேரிக்காரர்கள் கேட்டு வாங்கவேண்டிய படம் ஒன்றும் உண்டு. சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடப்பதை அளந்து பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பிய கியோம் லெ ஜான்டியின் கதை. அவர் வந்து சேரும் முன்பே புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து அவரால் பயனுள்ள அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்த புதுச்சேரியில் ஆய்வகம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. 1771இல் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டதாக முடிவு செய்து சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள் உறவினர்கள்.

உலகம் இந்த அளவோடு அவர் கதையை நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இங்கிருந்த தமிழ்க் கணிதர்களிடம் அவர் உட்கார்ந்து கற்றது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் அவர்களின் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடியது. அந்தத் தமிழ் முறை எப்படி இருந்தது என்பதை ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ காட்டுகிறது: புதுச்சேரியின் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லியபடி, தரையில் சோழிகளை வைத்து எடுத்தே கிரகணத்தைக் கணக்கிட்டார்.

மறுபடி ‘இன்டர்ஸ்டெல்லார்’. அந்த அலைக் கோளில் ஒரு மணி நேரம் கழித்தால் பூமியில் ஏழு ஆண்டு ஓடிவிடும். இதைப் பொய் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஈர்ப்பு வலுவான இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் விதி. அளவுதான் அசாதாரணம். இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவேண்டுமானால் கருந்துளை தன் உச்ச வேகத்துக்குக் கோடி கோடியில் ஒரு பங்கே குறைவாகச் சுழலவேண்டும் என்று தோர்ன் கணக்கிட்டார். அப்படியொன்று இயற்கையில் இருப்பது அரிதினும் அரிது. விதி அதைத் தடுக்கவில்லை.

விதி நிஜம் என்பதற்குச் சாட்சி குருசுக்குப்பத்துப் படகிலேயே இருக்கிறது. மீன் கிடைக்கும் பாரைக் குறித்து வைக்க அவர்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் கருவி, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரத்தை நம்பி இயங்குகிறது. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தக் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். மிச்சம் 38 மைக்ரோ விநாடி. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகும். குறித்து வைத்த பார் கைக்கு எட்டாமல் போய்விடும்.

எதிர்காலத்துக்குப் பயணம் செய்வதும் அன்றாடம் நடக்கிறது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியுவான் துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதற்குள் 660 மீட்டர் போவதே பெரிது. ஆனாலும் தரையைத் தொடுகின்றன. அந்த வேகத்தில் நம் கணக்குப்படி அவற்றின் காலம் நீண்டுவிடுகிறது. உள்ளங்கையை வானம் பார்த்து விரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மியுவான்கள் அதன் வழியே கடந்து போகும். ஊட்டியில் 560 சதுர மீட்டர் பரப்பில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இவற்றைத்தான் இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

கடந்த காலத்துக்குத் திரும்புவதுதான் சிக்கல். தமிழில் அந்தச் சிக்கலை மிக நேர்த்தியாகக் கையாண்டது ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015). நம்பச் சொல்வது ஒரே பொய்: 2065இலிருந்து வந்த கால இயந்திரம். அதன் பிறகு, நாயகர்கள் கடந்த காலத்தில் செய்யும் சிறு தவறால் சாகவேண்டிய ரவுடி பிழைத்துவிட, அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குத் தவறாமல் வந்து விழுகின்றன. காலத்தை முதல் தடவையாகத் திரையில் தொடுகிற சிறுவருக்கு நான் சொல்லும் படம் இதுவே. ‘டிக் டிக் டிக்’ (2018) விண்கல்லை அணு ஆயுதத்தால் உடைக்கப் போகிறது. அதைப் பார்த்தவர்களிடம் 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளில் மோதியதைச் சொல்லுங்கள். குண்டு எதுவும் இல்லை, ஒரு இடிதான். டைமார்ஃபோஸ் தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றும் காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது.

அடுத்து, கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962). 28 நிமிடப் பிரெஞ்சுப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்கள். ‘இன்று நேற்று நாளை’யில் கடந்த காலம் மாறும். இங்கே மாறாது. நடந்தது நடந்ததுதான், திரும்பிப் போகிறவனும் ஏற்கெனவே அந்தக் கணக்கில் சேர்ந்தவன். இகோர் நோவிகோவ் உள்ளிட்ட இயற்பியலாளர்கள் 1980களில் சமன்பாடுகளோடு வாதிட்ட கருத்து இதுவே. மார்க்கரின் படத்தைத் தழுவி 1995இல் வந்த ‘12 மங்கீஸ்’ படத்தை அதே இரவில் பார்க்காதீர்கள், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முதல் படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை மனசுக்குள் ஒருமுறை திருப்பி ஓட்டிப் பார்க்க அந்த ஒரு நாள் வேண்டும்.