கைகாட்டி முதல் கைகாட்டி வரை

மதுரையில் திண்டுக்கல் பாசஞ்சர் ஏறினால் கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் தாண்டி வாடிப்பட்டி. அப்புறம் கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல். வாடிப்பட்டியை ஒட்டியே நாலுவழிச் சாலை போகிறது. ஊர்ச்சனம் பெரும்பாலும் பஸ்ஸைத்தான் நம்புகிறது. அப்படியிருக்க இங்கே எதற்கு ஒரு ஸ்டேஷன், எதற்கு இத்தனை தண்டவாளம், ஆளரவமில்லாத இடத்தில் எதற்கு சிக்னல் என்று ஒருவர் கேட்டால், ஒரு டீக்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இரண்டாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த மாதிரி சின்ன ஸ்டேஷன்கள் ஊருக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. பாதிக்குமேல் ரயிலுக்காகவே கட்டப்பட்டவை.

இரண்டு பழைய கம்பெனிகள் ஒன்றாகி 1874-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அடுத்த ஆண்டே, 1875-இல், திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. 1876 தொடக்கத்தில் அது தூத்துக்குடி வரை நீண்டது. தண்டவாளத்துக்குத் தண்டவாளம் ஒரு மீட்டர் இடைவெளி, அதனால் மீட்டர்கேஜ். தனுஷ்கோடி வழி 1914-இல் திறக்கும்வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏறினார்கள். அந்தக் கூட்டமெல்லாம் சிறுமலையை ஒரு பக்கம் ஒதுக்கி வைகைச் சமவெளிக்கு இறங்குகிற இந்தப் பாதையில்தான் போனது.

பக்கத்து ஸ்டேஷனுக்கு அன்று அம்மையநாயக்கனூர் என்று பெயர். பிற்பாடுதான் கொடைக்கானல் ரோடு ஆனது. கொடைக்கானலுக்குப் போகிற துரைமார்கள் அங்கே இறங்கி மாட்டுவண்டி பிடித்து மலையடிவாரம் போனார்கள். பெரியாறு அணைக்கான தளவாடங்களும் அங்கேதான் இறக்கப்பட்டு சாலை வழியாக மலைக்குப் போயின. 1895-இல் அணை திறந்தது. இன்று வாடிப்பட்டி வட்டாரத்து நெல்லுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர். தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே தண்டவாளம் வந்துவிட்டது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இனி கிராசிங் சமாச்சாரம். அன்று பாதை ஒன்றுதான், வண்டிகள் இரு பக்கமிருந்தும் வரும். வரப்பில் எதிரெதிரே வருகிற இருவரில் ஒருவர் எங்காவது இறங்கி வழிவிட்டே ஆக வேண்டும். அந்த இறங்குமிடம்தான் ஸ்டேஷன். நேராகப் போவது மெயின் லைன். அதிலிருந்து பிரிந்து மறுமுனையில் திரும்பச் சேர்வது லூப் லைன். ஒரு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்க, எதிர்வண்டி மெயினில் கடந்து போகும். பயணிகள் பாஷையில், "கிராசிங் போட்டுட்டாங்க."

நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் இருப்பதால் என்ன லாபம்? ரயில்வேயில் ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே மெதுவான வண்டிக்கு 15 நிமிஷம் ஆகிறது, வண்டியை அனுப்பும் வேலைகளுக்கு 5 நிமிஷம் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 1440 நிமிஷம். 20-ஆல் வகுத்தால் 72; அதில் 70 சதவீதம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதால் இரு பக்கமும் சேர்த்து 50 வண்டி. அந்த ஸ்டேஷனே இல்லையென்றால் ஓட்டம் 30 நிமிஷம் ஆகிவிடும், வேலைக்கு அதே 5. வகுத்து, அதே 70 சதவீதம் போட்டுப் பாருங்கள், 28, 29-க்கு மேல் போகாது. யாருமே ஏறி இறங்காவிட்டாலும் அந்த ஸ்டேஷன் இருந்தாக வேண்டும்.

அமைப்பும் இதிலிருந்துதான் பிறக்கிறது. நமக்கு ஸ்டேஷன் என்றால் டிக்கெட் ஜன்னலும் சிமெண்ட் பெஞ்சும் வேப்பமரமும். ரயில்வேக்கு ஸ்டேஷன் என்பது இந்தக் கோடிச் சிக்னலிலிருந்து அந்தக் கோடிச் சிக்னல் வரை. கட்டடம் நடுவில் ஒரு புள்ளி. பழைய ஏற்பாட்டில் முதலில் அவுட்டர், பிறகு ஹோம், வண்டி கிளம்பிப் போக ஸ்டார்ட்டர். எல்லாம் கைகாட்டி மரங்கள். கை நீட்டியிருந்தால் நில், சாய்ந்தால் வா. லீவரை இழுத்தால் கம்பி போய்க் கையை இறக்கும். கம்பி அறுந்துவிட்டால் எதிர்க்கனம் கையைத் தானாக 'நில்' நிலைக்குத் தூக்கிவிடும். கெட்டுப்போனாலும் பாதுகாப்பான பக்கம் கெட வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். தடம் மாற்றும் பாயிண்ட் சரியாக விழாமல் சிக்னல் லீவர் அசையாதபடி பூட்டும் உண்டு.

இதையெல்லாம் விட அழகு பால் டோக்கன், அதாவது வண்டிக்கு அனுமதியாகத் தரும் உருண்டை. தென்னாட்டு மீட்டர்கேஜ் பாதைகளில் நீல் என்பவர் பெயரில் வழங்கிய ஒரு கருவி இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று; இரண்டுக்கும் மின்கம்பி இணைப்பு. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே ஓர் இரும்புக் குண்டு வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரு பக்கத்திலும் இன்னொரு குண்டை எடுக்கவே முடியாது. குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அந்தப் பக்கக் கருவியில் அதைப் போட்ட பிறகே பாதை காலி என்று அர்த்தம். நிற்காத வண்டிக்கு, குண்டைத் தோல்பையில் வைத்துப் பிரம்பு வளையத்தில் கட்டி பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் போவார். ராத்திரியில் இதே வேலை தீப்பந்த வெளிச்சத்தில். முழங்கையில் அடிபடாத ஃபயர்மேன் அபூர்வம்.

1990-களில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை வந்தது, பிறகு இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. போக ஒன்று, வர ஒன்று என்றானதும் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை. அப்போது லூப்பைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே? முடியாது. எதிரே வருகிறவர் பிரச்சினை தீர்ந்ததே தவிர, பின்னால் அவசரமாக வருகிறவர் பிரச்சினை தீரவில்லை. 1977 சுதந்திர தினத்தன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸுக்கும், 2023-இல் வந்த நெல்லை வந்தே பாரத்துக்கும் முன்னால் ஒரு சரக்கு வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தால் அதை எங்காவது ஒதுக்கியாக வேண்டுமே. இன்றைய முழுநீளச் சரக்கு வண்டி நிற்க லூப்பில் சுமார் 686 மீட்டர் வேண்டும். சின்ன ஊர் ஸ்டேஷன்கூட ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கண்ணுக்கெட்டாமல் நீண்டு கிடப்பது அதனால்தான்.

பாசஞ்சரில் போகும்போது நீங்களே கண்டுபிடிக்கலாம். வளைவில் ஜன்னல் வழியே ஹோம் சிக்னல் தெரிந்தால் பாருங்கள். மஞ்சள் விளக்கோடு, மேலே ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக எரிந்தால் வண்டி லூப்புக்குத் திரும்புகிறது. வேகமும் பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்குள் இறங்கிவிடும். உள்ளே போய் நின்று, ஏறுகிறவர்கள் ஏறி முடித்தும் நகரவில்லையென்றால் கோளாறு ஒன்றுமில்லை, பின்னால் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கிறது.