தடுப்பாட்டக்காரரின் இரண்டாவது களம்

கால்பந்தில் கோல் அடிப்பவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோல் விழாமல் காத்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. காக்கும் பணியையே தொழிலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றவர் பிரான்ஸ் நாட்டின் லிலியான் துராம். உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டுமன்றி, அனைத்துப் பாட ஆசிரியர்களும் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பள்ளியில் கிடைத்த பெயர்

துராம் 1972 ஜனவரி 1 அன்று கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் பிறந்தார். அது பிரான்சுக்கு உட்பட்ட பகுதி. தாய் தனியொருவராக ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். வேலைக்காகப் பாரிஸ் பகுதிக்குச் சென்ற அவர், பின்னர் பிள்ளைகளையும் அங்கு அழைத்துக்கொண்டார். அப்போது துராமுக்கு வயது 9.

புதிய பள்ளியில் சில மாணவர்கள் அவரை 'நுவாரோத்' என்று அழைத்தனர். அது அக்காலத் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வந்த கறுப்புப் பசுவின் பெயர். அதில் வெள்ளைப் பசு அறிவாளி. கறுப்புப் பசு முட்டாள். தீவில் இருந்தவரை தம் நிறத்தைப் பற்றி நினைத்தே பார்க்காத சிறுவன், ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்று தாயிடம் கேட்டான். மனிதர்கள் அப்படித்தான், அது மாறாது என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை.

ஒரு பிழையும் இரண்டு கோல்களும்

துராம் மொனாக்கோ கழகத்தில் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் கீழ் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். 1996இல் இத்தாலியின் பார்மா, 2001இல் யுவென்டஸ், 2006இல் ஸ்பெயினின் பார்சிலோனா என அவர் பயணம் தொடர்ந்தது.

1998 உலகக்கோப்பை அரையிறுதியில் பிரான்சும் குரோவேஷியாவும் மோதின. தடுப்பாட்டக்காரர்கள் ஒரே வரிசையாக முன்னேறினால், அவ்வரிசையைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரர் 'ஆஃப்சைடு' ஆவார். ஒருவர் பின்தங்கினாலும் அந்த அரண் உடையும். இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் துராம் அவ்வாறு பின்தங்கினார். சூக்கர் கோல் அடித்தார்.

துராம் தலை கவிழ்ந்து நிற்கவில்லை. அடுத்த நிமிடமே முன்னேறிச் சென்று பந்தைப் பறித்துச் சமன் செய்தார். ஏறத்தாழ 70ஆவது நிமிடத்தில், வலக்கால் ஆட்டக்காரரான அவர் இடக்காலால் இரண்டாவது கோலையும் அடித்தார். பிரான்ஸ் 2-1 என வென்றது; இறுதிப் போட்டியில் பிரேசிலை வீழ்த்திக் கோப்பையும் பெற்றது. நாட்டுக்காக அவர் ஆடியவை 142 ஆட்டங்கள். அவற்றில் அவர் அடித்த கோல்கள் அந்த இரண்டு மட்டுமே!

மீண்டும் பள்ளிக்கு

2008இல் மருத்துவப் பரிசோதனையில் இதயக் குறைபாடு கண்டறியப்பட்டதால் துராம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில், கல்வியின் வழியே இனவெறியை எதிர்க்கும் அறக்கட்டளை ஒன்றைத் தம் பெயரில் நிறுவினார். யாரும் இனவெறியுடன் பிறப்பதில்லை, அது கற்றுக்கொள்ளப்படுவது. கற்றதை மாற்றவும் கற்பிக்க முடியும். தாயிடம் கேட்ட கேள்விக்கு அவரே கண்டடைந்த விடை இது.

பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களுடன் உரையாடுவது அவரது வழக்கம். கறுப்பின மக்களைப் பற்றி வகுப்பில் முதன்முதலில் எப்போது கேட்டீர்கள் என்று வினவுவார். அடிமை முறை பற்றிய பாடத்தில் என்பதே வழக்கமான பதில். ஒரு மக்களின் வரலாறு அடிமைத்தனத்தில் தொடங்கினால், அவர்களைப் பற்றிய எண்ணமும் அங்கேயே நின்றுவிடும் அல்லவா? இக்குறையை ஈடுசெய்ய, அறிவியல், இலக்கியம், அரசியல் எனப் பல துறைகளில் சிறந்த கறுப்பினத்தவரை அறிமுகப்படுத்தி 2010இல் 'என் கறுப்பு நட்சத்திரங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார்.

நமது பங்கு

நம் வகுப்பறைகளிலும் நிறத்தையும் உடலையும் வைத்துப் பட்டப்பெயர்கள் உலவுகின்றன. மாணவர்கள் சிரிக்கிறார்கள் என்று நாமும் சிரித்துக் கடந்துவிட்டால், அப்பெயருக்கு நம் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. மாணவரை அவரது சொந்தப் பெயரால் அழைப்பது, பட்டப்பெயர் எழும்போது அங்கேயே நிறுத்தி ஏன் என்று பேசுவது, பாடத்தில் எடுத்துக்காட்டுகளைப் பல தரப்பு மக்களிடமிருந்தும் தருவது ஆகிய மூன்றுக்கும் தனிப் பாடவேளை தேவையில்லை.

துராமைக் காயப்படுத்திய பெயர் பள்ளியில் பிறந்தது. அதனால்தான் அவர் தம் பணியைப் பள்ளியிலிருந்து தொடங்கினார். விழாமல் காத்த கோல்களுக்குக் கணக்கு இருப்பதில்லை. ஆசிரியர் காத்த மனங்களுக்கும் அப்படித்தான்.