பட்டியலில் இல்லாத சுவர்கள்: மரபுக் கட்டடங்களைக் காக்கும் இயந்திரக் கற்றல் யாருடைய மரபைக் காக்கும்?

காலநிலை மாற்றத்தால் சிதையும் மரபுக் கட்டடங்களை இயந்திரக் கற்றலின் துணையோடு பாதுகாப்பது எப்படி என்னும் கேள்வி, அண்மைக் காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாகியுள்ளது. கட்டடக்கலை, குடிசார் பொறியியல், கணினி அறிவியல் ஆகிய துறைகள் சந்திக்கும் இடம் இது. இவ்வாய்வுகள் ஆய்வேடுகளாக நூலகத்தில் உறங்கிவிடப் போவதில்லை. எந்தச் சுவரை முதலில் செப்பனிடுவது, எதைத் தள்ளிப்போடுவது, நிதியை எங்கே ஒதுக்குவது என்று அரசுத் துறைகள் முடிவெடுக்கும் கருவிகளாக அவை மாறும். அக்கருவி எந்தெந்தச் சுவர்களைப் பார்த்துக் கற்றது என்று தலித் மக்கள் இப்போதே கேட்க வேண்டும். கருவி நடைமுறைக்கு வந்தபின் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

கட்டடம் சிதையும் விதம்

கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகிய அனைத்தும் நுண்துளைகள் கொண்டவை. கடற்காற்றிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு அத்துளைகளுக்குள் புகுகிறது. காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு நீரை உறிஞ்சிக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை உள்ளிருந்து நெருக்குகிறது. ஓராண்டில் ஈரப்பதம் இந்த எல்லையை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தே கல் பொடிந்து உதிரும் வேகம் அமைகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுப்பதும், அலையைத் தடுக்கப் பாறைகளை அடுக்கியிருப்பதும் இதனால்தான்.

காலநிலை மாற்றம் இந்தக் கணக்கையே குலைக்கிறது. கடல்மட்டம் உயர்கிறது, வெப்ப அலைகள் நீள்கின்றன, மழை சில மணி நேரங்களில் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய மழைக்கு எந்தப் பழங்கட்டடத்தின் கூரையும் வடிகாலும் அமைக்கப்படவில்லை. மத்தியதரைக் கடலின் தாழ்வான கரையோரங்களில் உள்ள 49 உலகப் பாரம்பரியச் சின்னங்களை 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் 37 சின்னங்கள் நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளத்தின் ஆபத்திலும், 42 சின்னங்கள் கடலரிப்பின் ஆபத்திலும் ஏற்கெனவே இருப்பதாக அது கண்டறிந்தது.

இயந்திரம் செய்யும் வேலை

இத்துறையின் ஆய்வுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, படத்தைப் பார்த்துச் சேதத்தை அடையாளம் காண்பது. விரிசல், உப்புப் பூப்பு, பாசி, பெயர்ந்த பூச்சு எனப் பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். பிறகு, ஆளில்லாச் சிறுவிமானம் எடுத்த புதிய படத்தில் விரிசல் எங்கே உள்ளது என்று அது சுட்டிக்காட்டுகிறது. இரண்டாம்வகை, வரப்போவதைக் கணிப்பது. சுவரில் பொருத்திய உணரிகள் பதிவுசெய்யும் வெப்பத்தையும் ஈரத்தையும் வானிலைத் தரவோடும் காலநிலை மாதிரிகளோடும் இணைத்து, இன்னும் சில பத்தாண்டுகளில் அச்சுவர் என்னவாகும் என்று மதிப்பிடுகிறார்கள். மூன்றாம்வகை, பல கட்டடங்களை ஆபத்தின் அளவுக்கேற்ப வரிசைப்படுத்துவது. நிதி பற்றாக்குறையாக உள்ள துறைகளுக்கு மூன்றாவதே பெரிதும் தேவைப்படும்.

இம்முறைகளுக்கு உண்மையான பயன் உண்டு. ஒரு பொறியாளர் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டிய இடத்தை ஒரு படம் காட்டிவிடுகிறது. இடிந்தபின் கட்டுவதைவிட இடியுமுன் செப்பனிடுவது செலவு குறைந்தது. ஆயினும் மூன்று வகைக்கும் அடிப்படை ஒன்றே. இயந்திரம் கடந்தகாலப் பதிவுகளிலிருந்து கற்கிறது. பதிவில் இல்லாத ஒன்றை அதனால் அடையாளம் காண முடியாது. படமும் அளவீடும் இல்லாத கட்டடத்துக்கு வரிசையில் இடமும் கிடைக்காது.

பயிற்சித் தரவில் யார் இருக்கிறார்கள்?

இத்துறையில் நன்கறியப்பட்ட படத்தொகுப்பு ஒன்று 2017இல் வெளியானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதில் பத்துப் பெயர்களின் கீழ் வகுக்கப்பட்டுள்ளன: பலிபீடம், பலிபீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்ட மாடம், மணிக்கோபுரம், தூண், குவிமாடத்தின் உட்புறம், அதன் வெளிப்புறம், முட்டுத்தாங்கி வளைவு, நீர்த்தூம்புச் சிலை, வண்ணக் கண்ணாடிச் சாளரம், வில்வளைவுக் கூரை. இப்பத்தையும் அடுக்கிப் பார்த்தால் ஓர் ஐரோப்பியத் தேவாலயம் நம்முன் எழுகிறது. அத்தொகுப்பை உருவாக்கியவர்கள் தங்கள் ஊர்க் கட்டடங்களைக் கொண்டு தங்கள் தேவைக்காக உருவாக்கினார்கள், அதில் குற்றமில்லை. ஆனால், அதைக் கொண்டு பழக்கப்பட்ட இயந்திரத்துக்கு மண்சுவர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குப் பனையோலைக் கூரையும் தெரியாது, தகரம் வேய்ந்த தொழிலாளர் குடியிருப்பும் தெரியாது.

இதே பணியை இந்தியாவில் செய்யும் ஆய்வாளர் தேவாலயத்தின் இடத்தில் கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் வைப்பார். ஏனெனில் படங்களும் வரைபடங்களும் பழுதுபார்த்த பதிவேடுகளும் அவற்றுக்கே உள்ளன. அப்பதிவேடுகள் ஏன் அவற்றுக்கு மட்டும் உள்ளன என்ற கேள்விக்கு விடை கணினி அறிவியலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

நூறு ஆண்டு என்னும் வாசல்

1958ஆம் ஆண்டின் பழமையான நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்திருக்கும் கட்டுமானத்தையே பழமையான நினைவுச்சின்னம் என்று வரையறுக்கிறது. வரலாற்று, தொல்லியல் அல்லது கலை முக்கியத்துவமும் அதற்கு வேண்டும். இச்சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ளவை ஏறத்தாழ 3,700 சின்னங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் உறுப்பு அரசின் மீது சுமத்தும் கடமையும், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என நாடாளுமன்றச் சட்டத்தால் அல்லது அதன்கீழ் அறிவிக்கப்பட்டவற்றுக்கே உரியது.

நிலமும் கல்லும் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் நூறாண்டு நிலைத்த கட்டுமானத்தைக் காட்டு என்று கேட்பது, மறுப்பின் விளைவையே தகுதியின்மையாக மாற்றுவதாகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட குடிசை, சாம்பலானதால் கட்டுமானமாக நிலைத்திருக்கவில்லை. அங்கு எழுப்பப்பட்ட நினைவிடத்தின் வயதைக் கொலை நடந்த நாளிலிருந்தே கணக்கிட்டாலும் 2068 வரை அது இச்சட்டத்தின் வாசலை அடையாது. கடலோரக் காவிரிப் படுகையின் நிலமும் நிலத்தடி நீரும் அதற்குள் உப்பேறிப் போகலாம். காலநிலை மாற்றம் நூறாண்டு காத்திருக்காது.

வயதுத் தகுதி உள்ளவையும் வெளியே நிற்கின்றன என்பதற்குக் கோலார் தங்கவயல் சான்று. 1880களில் தொடங்கிய நவீனச் சுரங்கப் பணிக்கு வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அவர்கள் பொன் எடுத்தார்கள். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. அவருடைய ‘தமிழன்’ இதழ் 1926இல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் ‘லைன்’ வீடுகள், சங்கக் கட்டடங்கள், பௌத்த சங்க இடங்கள், கல்லறைகள் ஆகியவற்றின் அருகே சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. பெருமழை அம்மண்ணைக் கரைத்துக் கொண்டுவருகிறது. கோடைக் காற்று தூசாக இறைக்கிறது. கட்டடச் சிதைவு, காலநிலை, மனித உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

பட்டியலைத் திறக்க முடியாது என்பதில்லை. 1917இல் அம்பேத்கர் உறுதியேற்ற வதோதராவின் ஆலமர வளாகத்தையும், அவர் தொடக்கக் கல்வி பயின்ற சத்தாராவின் பள்ளியையும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கலாம் என்று தேசிய நினைவுச்சின்ன ஆணையம் 2022இல் பரிந்துரைத்தது. முயன்றால் சட்டம் வழிவிடும் என்பதற்கு இப்பரிந்துரை சான்று.

கூண்டும் வெளியேற்றமும்

நம் நினைவுச்சின்னங்களுக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் காவல்துறை சார்ந்தது. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகள் இரும்புக் கூண்டுகளுக்குள் நிற்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(த), அதாவது ஆங்கில வரிசையில் ‘டி’ எனக் குறிக்கப்படும் உட்பிரிவு, 2015 திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் புனிதமாகவோ உயர்வாகவோ மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவதை அது குற்றமாக்குகிறது. சிலை, புகைப்படம், ஓவியம் ஆகியவற்றை அதன் விளக்கம் வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. இது தேவையான பாதுகாப்பு. ஆனால் உப்புக்காற்றின் மீதும் வெள்ளத்தின் மீதும் முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது. அதற்குப் பராமரிப்பும் நிதியும் தொழில்நுட்பமும் வேண்டும்.

மறுபுறம், மரபுப் பாதுகாப்பின் பெயரால் ஏழைகளின் குடியிருப்பு அகற்றப்படும் ஆபத்து இத்தொழில்நுட்பத்தால் கூடலாம். 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2023இல் தில்லி துக்ளகாபாத் கோட்டைப் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. விரிசலைக் கண்டுபிடிக்கும் அதே படப்பகுப்பாய்வு முறையால் ஈராண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் புதிய கூரையையும் கண்டுபிடிக்கலாம். சுவருக்கு ஆபத்து எது என்று கேட்டால், மழைக்கும் கடலுக்கும் முன்பாகக் குடிசையைச் சுட்டிக்காட்டும் கருவியை உருவாக்குவது எளிது. அக்குடிசையில் வாழ்வோர் எத்தனை தலைமுறையாக அங்கிருக்கிறார்கள், எங்கிருந்து விரட்டப்பட்டு அங்கே வந்தார்கள் என்பதைச் செயற்கைக்கோள் படம் சொல்லாது.

கேட்க வேண்டியவை

முதலாவதாக, பொதுநிதியில் நடைபெறும் ஆய்வுகள் தம் பயிற்சித் தரவின் பட்டியலை வெளியிட வேண்டும். எந்தக் கட்டடங்கள், எந்த ஊர்கள், எந்தப் பெயரிடல்கள் என்பவை வெளிப்படையாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களும் ஐஐடிக்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. இக்கேள்வியை இன்றே எழுப்பலாம்.

இரண்டாவதாக, சேரிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் உள்ள பழைய பள்ளிகள், சங்கக் கட்டடங்கள், விகாரைகள், நினைவிடங்கள், குளங்கள், கல்லறைகள் ஆகியவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். 1894இல் ஆல்காட் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளின் காலம் முதற்கொண்டு தேட வேண்டியவை ஏராளம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராதவற்றுக்குத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம், 2012 வழியாக இடம் கேட்கலாம். கணக்கெடுப்பில் அந்தந்த ஊர் இளைஞர்களே படமெடுத்துப் பெயரிட வேண்டும். மண்சுவரை ஆண்டுதோறும் மெழுகிக் காத்த பெண்களின் அறிவும் அதில் பதிவாக வேண்டும்.

மூன்றாவதாக, இயந்திரத்தின் முடிவை மட்டும் சான்றாகக் கொண்டு எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது. முன்னறிவிப்பும், தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும், மாற்றிடமும் இல்லாத வெளியேற்றம் இயற்கை நீதிக்கு முரணானது. கணிப்பு எவ்வாறு செய்யப்பட்டது, அதன் பிழை அளவு என்ன என்று கேட்கும் உரிமை பாதிக்கப்படுவோருக்கு இருக்க வேண்டும்.

நான்காவதாக, இவ்வாய்வுகளைச் செய்யும் இருக்கைகளில் நம் மாணவர்கள் அமர வேண்டும். 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்குகிறது. முனைவர் பட்டச் சேர்க்கையில் அது துறைவாரியாகப் பின்பற்றப்படுகிறதா என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தங்கவயலின் லைன் வீட்டில் வளர்ந்த ஒருவர் இத்துறையில் ஆய்வுசெய்தால், தரவுத் தொகுப்பில் சேர்க்க வேண்டிய முதல் படம் எது என்று அவருக்குத் தெரியும்.